ஒத்துப்போன சீட்டுகள்

"தேய்ஞ்சதுன்னு நீ எழுதியிருக்கே. தேயவே இல்லைன்னு இவ எழுதியிருக்கா. ஒரே காசுக்கு ரெண்டு வயசா?"

"சிங்கத்தோட பிடரியைப் பாருங்க அத்தை. வழவழன்னு கிடக்கு, ஒரு முடி இல்லை. எத்தனை கை மாறியிருந்தா இப்படி மழுங்கும்?"

"நீ என்ன சொல்றே?" என்று மாமியார் இளைய மருமகள் பக்கம் திரும்பினார்.

"அடிக்கும்போதே முடி சரியா விழலை அத்தை. அச்சுதான் தேய்ஞ்சிருக்கு, காசு தேயலை. லேசா சாய்ச்சுப் பாருங்க, மழுங்கின இடத்துலயும் மினுப்பு ஓடும். கை பட்டுத் தேய்ஞ்சிருந்தா முதல்ல அந்த மினுப்புதானே போயிருக்கும்?"

சின்னவள் இதை அடங்கிய குரலில், ஏதோ மன்னிப்புக் கேட்பவளைப் போலச் சொன்னாள். பெரியவளுக்கு அந்தக் குரல்தான் பிடிக்கவில்லை. சரியாகச் சொல்கிறவள் கொஞ்சம் திமிராகச் சொல்லித் தொலைத்தால் என்ன? பதிலுக்குக் கோபப்பட ஒரு வழியாவது இருக்கும்.

மாமியார் காசை விளிம்பில் பிடித்து விளக்கின் கீழே கொண்டுபோய் மெல்லச் சாய்த்தார். வெளிச்சம் சிங்கத்தின் வாலில் ஏறி, முதுகில் நடந்து, மழுங்கிய பிடரியை எந்தத் தடங்கலும் இல்லாமல் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"ஓடுது," என்றார் மாமியார். "கண்ணு சொன்னதுதான் சரி."

கண்ணு! பத்து வருஷமாக இதே மேசையில் உட்கார்ந்திருக்கும் மூத்த மருமகளை அவர் 'ஏம்மா' என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் 'ஏம்மா, உன்னைத்தான்'. இளையவள் வந்து ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கண்ணு ஆகிவிட்டாள்.

அது பழைய காசுகளை வாங்கி விற்கிற கடை. முன்னறையில் கண்ணாடிப் பெட்டிகள், வாடிக்கையாளர்கள், காற்றாடிச் சத்தம். பின்னறையில் பச்சைத் துணி விரித்த ஒரு மேசை, கழுத்தை வளைத்துக் குனியும் ஒரு விளக்கு, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள். மேசைத் தலைமாட்டில் மூன்றாவதாக ஒரு பெரிய நாற்காலி. அதன் இடது கைப்பிடியில் தோல் உரிந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அதில் உட்காருகிறவர் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு காசு அசல். ஊரில் அதற்கு 'கடை வார்த்தை' என்று பெயர். மற்றக் கடைக்காரர்கள்கூட, "அந்தம்மா வார்த்தை இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேரம் பேசுவார்கள்.

அந்த அம்மாவுக்கு முழங்கால் இரண்டும் போய்விட்டன. கடைக்கு ஏறும் படிகளில் இப்போதெல்லாம் பக்கவாட்டாக, நண்டு மாதிரி ஏறினார். "இந்த வருஷத்தோட சரி. அப்புறம் உங்கள்ல ஒருத்தி இதுல உக்காருங்க. நான் வீட்டுல காலை நீட்டிப் படுக்கறேன்," என்று சொல்லியிருந்தார். உங்களில் எவள் என்று சொல்லவில்லை. சின்னவள் வருவதற்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் சொல்லவேண்டிய தேவையே இருந்திருக்காது.

கடையின் முறை எளிமையானது. ஒரு காசு வந்தால் இரண்டு பேர் பார்ப்பார்கள். ஒருத்தி பார்த்துவிட்டு எதிரே இருப்பவளிடம் தள்ளுவாள். பார்க்கும்போது பேச்சு கிடையாது. இருவரும் பார்த்தபின் ஆளுக்கொரு சீட்டில் அசலா போலியா, எந்த நிலை, என்ன விலை பெறும் என்று எழுதிக் கவிழ்த்து வைப்பார்கள். மாமியார் இரண்டையும் திருப்புவார். ஒத்துப்போனால் அத்தோடு முடிந்தது, காசை அவர் தொடக்கூட மாட்டார். ஒத்துப்போகாவிட்டால்தான் காசு அவருடைய விளக்கின் கீழே போகும். "ரெண்டு பேர் தனித்தனியா ஒரே தப்பைப் பண்ண மாட்டாங்க," என்பது அவருடைய நம்பிக்கை. கடையே அந்த நம்பிக்கையின் மேல்தான் நின்றது.

பெரியவளுக்கு வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் நகக்காரம்மா. வலது கட்டைவிரல் நகத்தை அவள் கொஞ்சம் வளரவிட்டிருந்தாள். காசை இரண்டு விரல்களுக்கு நடுவே சுழலவிட்டு, விளிம்பைச் சுற்றி அந்த நகத்தை ஓட்டுவாள். வார்ப்பில் செய்த போலி என்றால் எங்காவது ஒரு பிசிறு நகத்தில் மாட்டும். அரத்தால் ராவியிருந்தால் வழுக்கும். முகத்தைப் பார்த்து ஏமாறலாம், விளிம்பு பொய் சொல்லாது என்பாள். திருமணமாகி வந்த புதிதில், ஒரு தட்டு நிறைய வெள்ளிக் காசுகளில் ஒளிந்திருந்த ஒரேயொரு போலியைக் கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு மாமியார் கடையை மூடிவிட்டு எல்லோரையும் ஐஸ்கிரீம் சாப்பிடக் கூட்டிப்போனார்.

சின்னவள் கல்யாணத்துக்கு முன் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஒரு பொய்ப் பல்லைச் செய்வது, அதை ஈறுக்குள் தெரியாமல் உட்காரவைப்பது, இதுதான் அவளுடைய தொழிலாக இருந்தது. வந்த புதிதில் கடையில் தூசி துடைத்துக்கொண்டிருந்தவள், போகிறபோக்கில் ஒரு காசைப் பார்த்துவிட்டு, "இது மட்டும் ஏன் அத்தை உயிரில்லாம இருக்கு?" என்று கேட்டாள். அந்தக் காசை அமிலத்தில் கழுவியிருந்தார்கள். பெரியவள் அன்று காலையில்தான் அதற்கு உயர்ந்த நிலை என்று சீட்டு எழுதியிருந்தாள். மறுநாளே மேசையின் எதிர் நாற்காலி அவளுக்கு வந்தது. அதுவரை எதிரே உட்கார்ந்திருந்த பெரியவளின் கணவர் மகிழ்ச்சியாகத் தன் கேமராவிடம் திரும்பிப் போனார். கடையின் விற்பனைப் புத்தகத்துக்குக் காசுகளைப் படம் எடுப்பதுதான் அவருக்குப் பிடித்த வேலை.

சிங்கக் காசு விஷயம் நடந்த அன்று பெரியவள் மதியம் சாப்பிடவில்லை. டப்பாவைத் திறந்து மூடினாள். சின்னவள் இரண்டு முறை, "அக்கா, என்னாச்சு?" என்றாள். "பல்வலி. நீதான் பல் டாக்டரம்மாவாச்சே, பார்த்துச் சொல்லேன்," என்றாள் பெரியவள். சின்னவளின் முகம் சுண்டிப்போயிற்று. அதைப் பார்த்து வந்த திருப்தி ஒரு மடக்குத் தண்ணீர் அளவுகூட நீடிக்கவில்லை.

வீட்டில் கணவரிடம் கொட்டினாள்.

"உங்கம்மா இன்னிக்கு அவளுக்குத் தன்னோட லென்ஸைக் குடுத்தாங்க. அந்தப் பித்தளைப் பிடி போட்டதை. நான் ஒரு தடவை கேட்டதுக்கு, கீழ போட்டுடுவேன்னு சொன்னாங்க."

"நீதான் நகத்தாலேயே பார்க்கிறவளாச்சே. உனக்கு எதுக்கு லென்ஸ்?"

"வேணுமா வேணாமான்னு கேட்டிருக்கலாமில்ல?"

"இப்ப கேட்டா வேணும்னு சொல்வியா?"

"மாட்டேன்."

அவர் சட்டையை மடித்துக்கொண்டே யோசித்தார். "எனக்கும் தம்பிக்கும் சின்ன வயசுலேர்ந்து இப்படி எதுவும் கிடையாது. அவன் லாரியில ஊர் ஊரா சுத்தறான், நான் ராஜா தலையைப் படம் புடிக்கறேன். நான் என்னிக்காவது எரிஞ்சிருக்கேனா பாரு."

"நீங்க எப்படி எரிவீங்க? ஈர விறகு."

அவர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படுக்கையில், அடுத்த நாள் அந்தப் பெரிய நாற்காலியில் சின்னவள் உட்கார்ந்து, அடங்கிய குரலில், "அக்கா, இந்தக் காசை ஒரு தடவை மறுபடி பார்த்துடறீங்களா?" என்று கேட்பதுபோல நினைத்துப்பார்த்தாள். மரியாதையாகத்தான் கேட்பாள். அதுதான் தாங்காது.

அதற்குப் பிறகுதான் பெரியவள் காசுகளை விட்டுவிட்டுச் சின்னவளைப் பார்க்க ஆரம்பித்தாள்.

முதலில் சும்மாதான் பார்த்தாள். என்னதான் செய்கிறாள் இவள், எங்கே இருக்கிறது அந்த ரகசியம் என்று. பார்க்கப் பார்க்க ஒன்று பிடிபட்டது. நல்ல காசு என்றால் சின்னவள் இரண்டு முறை சாய்ப்பாள். பிறகு மூக்கால் ஒரு சின்ன மூச்சு. உடனே காசைத் தள்ளிவிடுவாள். சந்தேகம் இருந்தால் மூன்றாவது முறை சாய்ப்பாள், கீழுதட்டின் உள்பக்கத்தைக் கடிப்பாள். கழுவிய காசு என்றால் தலை ஒரு பக்கமாகச் சரியும், அழுக்குச் சட்டையைப் பார்த்த அம்மா மாதிரி. அவ்வளவுதான். அந்தப் பெரிய ரகசியம் முழுக்க அவளுடைய முகத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது.

பெரியவளின் சீட்டுகள் சின்னவளின் சீட்டுகளோடு ஒத்துப்போகத் தொடங்கின.

"என்னடி இது, ரெண்டு பேரும் வழியிலேயே பேசிவெச்சுக்கிட்டு வர்றீங்களா?" என்றார் மாமியார் ஒரு நாள், இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து. குரலில் பெருமை. "என் விளக்குக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்க. பல்பு மிச்சம்."

பெரியவளுக்கு முதலில் ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது. இனிமேல் 'கண்ணு சொன்னதுதான் சரி' என்ற வார்த்தை அந்த அறையில் ஒலிக்க வழியில்லை. சரியானது எதுவோ அதை அவளும் சொல்லியிருப்பாள். போகப்போக அந்தச் சந்தோஷத்துக்குள் ஏதோ ஒன்று புளித்தது. நகம் விளிம்பைச் சுற்றி ஓடும், ஆனால் அவள் அதைக் கேட்பதில்லை. கண்கள் எதிரே இருக்கும் உதட்டில் இருக்கும். ஒரு காசு கையை விட்டுப் போனபின் அது செம்பா வெள்ளியா என்றுகூட நினைவுக்கு வராது. சின்னவள் எத்தனை முறை சாய்த்தாள் என்பது மட்டும் நினைவிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் மருந்துக்கடைக்காரர் வந்தார்.

மருந்துக்கடைக்காரர் பழைய வாடிக்கையாளர். காசு விஷயத்தில் ஆசை அதிகம், கண் குறைவு. அன்று முன்னறையில் நிற்காமல் நேராகப் பின்னறைக்கே வந்து, மாத்திரை டப்பா ஒன்றைத் திறந்து, பஞ்சை விலக்கினார்.

"கப்பல் காசு," என்றார் மாமியார் எட்டிப் பார்த்து. "அதுக்கா இப்படி மூச்சு வாங்கறீங்க?"

"திருப்புங்கம்மா."

திருப்பினார். சின்னவள் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டாள்.

முந்நூறு வருஷங்களுக்கு முன் ஒரு துறைமுக ராஜ்யத்தில் அடித்த வெள்ளிக் காசு அது. தாடி ராஜா இருந்தவரை ஒரு பக்கம் அவர் தலை, மறுபக்கம் கப்பல். அவர் செத்துப் பிள்ளை பட்டத்துக்கு வந்ததும் கப்பலை எடுத்துவிட்டுச் சிங்கத்தைப் போட்டார்கள். இரண்டு வகையும் கடையில் தட்டுத் தட்டாக இருந்தன. ஆனால் ராஜா மாறிய அவசரத்தில் காசு அடிக்கும் அக்கசாலையில் யாரோ பழைய கப்பல் அச்சைப் புதிய ராஜாவின் அச்சோடு வைத்துக் கொஞ்சம் காசுகளை அடித்துவிட்டார்கள். பொடியன் ராஜாவும் கப்பலும். கடைக்காரர்கள் அதை மாறுஜோடி என்பார்கள். மாமியார் தன் வாழ்நாளில் ஒன்றைத்தான் பார்த்திருந்தார், அதுவும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

இப்போது கப்பலுக்குப் பின்னால் தாடியில்லாத ஒரு பையன் முகம், சிரிக்கலாமா வேண்டாமா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு வார்த்தை வேணும்," என்றார் மருந்துக்கடைக்காரர். "கட்டடம் கட்டறவர் ஒருத்தர் ரெடியா இருக்கார். அம்மா கையெழுத்து இருந்தா பேரமே பேச மாட்டேன்னுட்டார்."

மாமியார் காசைத் தராசில் வைத்தார். எடை இம்மி பிசகவில்லை. வெள்ளியைப் பற்றியும் சந்தேகமில்லை. பிறகு அதை மேசை நடுவில் வைத்து, மருமகள்களைப் பார்த்தார்.

"இதுதான் நான் கையெழுத்துப் போடற கடைசிப் பெரிய காசு. நல்லாப் பாருங்க. இது முடிஞ்சதும் அந்த நாற்காலி விஷயத்தையும் முடிச்சுடலாம்."

சின்னவள் முதலில் எடுத்தாள். சாய்த்தாள். பையன் முகத்தில் வெளிச்சம் ஓடியது. மறுபடி சாய்த்தாள். பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கீழுதட்டையே பார்த்தாள். மூன்றாவது முறை வரவில்லை. உதடு அசையவில்லை. சின்னவள் காசைத் தள்ளினாள்.

பெரியவள் அதை விரல்களுக்கு நடுவே நிறுத்தி நகத்தை ஓட்டினாள். பாதிச் சுற்றில், விளிம்பு மேடு முடிந்து உள்ளே இறங்கும் இடத்தில், நகத்துக்கு ஒரு சொரசொரப்பு தட்டியது. அழுக்கா, பிசிறா, தன் நகத்தின் வெடிப்பா? ஒரு நொடி நிறுத்தியிருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் எதிரே இருந்தவள் இரண்டே முறை சாய்த்துவிட்டுத் தள்ளியிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது இதில் என்ன இருக்கப்போகிறது? இன்றைக்கு, இந்த நாளில், 'கண்ணு சொன்னதுதான் சரி' என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. நகம் நிற்காமல் ஓடி வட்டத்தை முடித்தது.

எழுதினார்கள். கவிழ்த்தார்கள். மாமியார் திருப்பினார்.

அசல். உயர்ந்த நிலை. அசல். உயர்ந்த நிலை. விலைகூடப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் மாமியார் மருந்துக்கடைக்காரரிடம், மருமகள்களை அவருக்கு அறிமுகப்படுத்துவதுபோல. கையெழுத்துப் போட்டார். காசை மறுபடி தொடவில்லை.

அது திரும்பி வந்தது.

கட்டடக்காரர் அதை வேறொரு ஊரில் ஒரு நிபுணரிடம் காட்டியிருக்கிறார். நிபுணர் பெரிதாக்கிய படம் ஒன்றை அனுப்பியிருந்தார். பையன் ராஜாவின் பக்கத்தில், விளிம்பு மேட்டின் உள்சுவரை ஒட்டி, முடியைப் போல ஒரு கோடு வட்டமாக ஓடியது. ஒரு சிங்கக் காசிலிருந்து ராஜா தலையை வில்லையாக அறுத்தெடுத்து, ஒரு கப்பல் காசில் தாடி ராஜா இருந்த பக்கத்தைக் குடைந்து அதற்குள் பதித்திருந்தார்கள். இரண்டும் நூற்றுக்கு நூறு அசல் வெள்ளி. சேர்ந்து ஒரு பொய்.

மாமியார் சத்தம் போடவில்லை. கட்டடக்காரருக்குச் சேரவேண்டியதைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, மருந்துக்கடைக்காரர் முன்னறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டுப் போயாயிற்று, எதிர்க் கடைக்காரர், "அம்மா வார்த்தையும் மனுஷ வார்த்தைதானே," என்று ஆறுதல்போலப் பொடி வைத்துப் பேசிவிட்டும் போயாயிற்று. பிற்பகல். பின்னறையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒருத்தி தப்புப் பண்ணியிருந்தா எனக்குப் புரியும்," என்றார் மாமியார். "அதுக்குத்தானே ரெண்டு சீட்டு? ரெண்டு பேரும் எப்படி?" பெரியவளிடம் காசை நீட்டினார். "ஏம்மா, இந்தா. இப்ப ஓட்டு."

பெரியவள் ஓட்டினாள். பாதிச் சுற்றில் நகம் நின்றது. வேண்டாம் என்றாலும் நின்றிருக்கும்.

"தட்டுது," என்றாள்.

"அன்னிக்குத் தட்டலையா?"

"தட்டுச்சு."

மாமியார் காசைத் திரும்ப வாங்கி மேசை நடுவில் வைத்தார். பிறகு சின்னவள் பக்கம் திரும்பினார். "பொய்ப் பல்லை ஈறுல உக்காரவெச்ச கை உன்னோடது. இந்தக் கோடு உன் கண்ணுல படலையா?"

"சரியாப் பார்க்கலை அத்தை," என்றாள் சின்னவள், மேசையைப் பார்த்து.

"ஒருத்தி தெரிஞ்சும் எழுதலை. ஒருத்தி பார்க்கவே இல்லை. நல்லா இருக்கு." கைப்பிடியை ஊன்றி எழுந்தார். உரிந்த தோலில் கை ஒருமுறை தடவியது. "நான் போய் அந்த மருந்துக்கடைக்காரரோட வீட்டுல ரெண்டு வார்த்தை பேசிட்டு வர்றேன். எனக்கு இனிமே சீட்டெல்லாம் வேணாம். இதுல எவ உக்காரப்போறான்னு நான் வர்றதுக்குள்ள நீங்களே பேசி முடிவு பண்ணுங்க. யாருக்கும் தகுதி இல்லேன்னா அதையும் சொல்லுங்க, கடையை மூடிடலாம்."

பக்கவாட்டாகப் படி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு காற்றாடி மட்டும்.

காசு மேசை நடுவில் கிடந்தது. பெரியவளுக்கு அடக்கமுடியாமல் ஒரு நிம்மதி வந்தது. அதைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இவளும் தவறிவிட்டாள். அந்தக் கண்ணும் தப்புப் பண்ணும். இனி இருவரும் ஒரே தட்டில். நிம்மதியை மறைக்க அவள் காசை மறுபடி எடுத்து, காரணமில்லாமல் நகத்தை ஓட்டினாள். நின்றது. நிமிர்ந்தாள்.

சின்னவள் காசைப் பார்க்கவில்லை. பெரியவளுடைய கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கிறே?"

"ஒண்ணுமில்லைக்கா."

"என் கையையா?"

பெரியவள் நகத்தை வேண்டுமென்றே ஓடவிட்டாள். சின்னவளின் கண்கள் கூடவே ஓடின. நிறுத்தினாள். நின்றன. குடை ராட்டினத்தைப் பார்க்கும் குழந்தையின் கண்கள் போல.

"எத்தனை நாளா இது?"

"அந்தச் சிங்கக் காசுலேர்ந்து," என்றாள் சின்னவள். "அன்னிக்கு நீங்க சாப்பிடலை. டப்பாவைத் திறந்து மூடிட்டீங்க. எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு. வீட்டுக்குப் போற வழியெல்லாம் நீங்க என்கூடப் பேசவேயில்லை. அதான்... உங்க நகம் நிக்காம ஓடினா நல்ல காசுன்னு எழுதினீங்க. நின்னா மாத்தி எழுதினீங்க. நானும் அப்படியே எழுத ஆரம்பிச்சேன். சீட்டு ஒத்துப்போச்சுன்னா அத்தையும் சந்தோஷமா இருந்தாங்க, நீங்களும் சாப்பிட்டீங்க."

பெரியவள் ரயில் நிலையத்தில் சில சமயம் நேர்வதை நினைத்துக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்போம். அது நகர்கிறதா, நாம் நகர்கிறோமா தெரியாது. இங்கே இரண்டு ரயில்களும் ஒன்றையொன்று பார்த்து, தான் போவதாக நினைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே இருந்திருக்கின்றன. இத்தனை நாளும் அவள் திருடியது சின்னவளின் கண்ணை அல்ல. சின்னவளின் முகத்தில் பிரதிபலித்த தன் நகத்தை.

சிரிப்பு வரவேண்டிய இடம். தொண்டைவரை வந்தது. அங்கே அது வேறொன்றாக மாறியது.

விட்டுக்கொடுத்திருக்கிறாள். அப்படியானால் ஒத்துப்போன அந்தச் சீட்டுகளில் ஒன்றுகூட அவள் ஜெயித்தது இல்லை. அத்தனையும் இரக்கம். பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஓடும்போது கடைசி அடியில் வேகத்தைக் குறைப்பார்களே, அது. தோற்றிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது.

"உன்னை யார் கேட்டா?" என்றாள். "நான் சாப்பிட்டா என்ன, பட்டினி கிடந்தா உனக்கென்ன? பெரிய மனசு! அப்படியே காசை நகத்தால ஓட்டற மாதிரி என்னை ஓட்டிப் பார்த்திருக்கே."

"அக்கா, நான் அப்படி நினைக்கலை..."

"நீயும் என்னைப் பார்த்தே, நானும் உன்னைத்தான் பார்த்தேன். உன் உதட்டைப் பார்த்துத்தான் எழுதினேன் இத்தனை நாளும். தெரியுமா உனக்கு?"

சின்னவள் சட்டென்று கையைத் தூக்கித் தன் உதட்டைத் தொட்டுப்பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த முகத்தில் முதல்முறையாகக் கோபம் போல ஒன்று எழுந்தது. அது சின்னவளுக்கு நன்றாகப் பொருந்தியது.

"அப்ப அன்னிக்கு..." என்றாள் சின்னவள்.

"ஆமா. அன்னிக்கு நீ கடிக்கலை. அதான் நான் நகத்தை நிறுத்தலை."

"நீங்க நிறுத்தலை. அதான் நான்..." முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

முன்னறையில் யாரோ கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, பெரியவளின் கணவர், "இன்னிக்கு வியாபாரம் இல்லைங்க," என்று சொல்வது கேட்டது. பெரியவள் காசை மேசையில் வைத்து மறுபக்கம் தள்ளினாள். பையன் ராஜா மேலே பார்த்தபடி போய் நின்றான்.

அவளுக்கு இப்போது ஒரேயொரு விஷயம் தெரிந்தாக வேண்டும். அன்று இவள் காசைக் கையில் எடுத்தபோது, பெரியவளின் நகம் அதைத் தொடுவதற்கு முன், இரண்டு முறை சாய்த்தாளே, அப்போது அந்தக் கோடு கண்ணில் பட்டதா? பட்டும் உதட்டைக் கடிக்காமல் அடக்கிக்கொண்டாளா? பட்டிருந்தால் இவள் கண்ணுக்கு ஈடில்லை. நாற்காலி இவளுடையதுதான், அதை மாமியாரிடம் தன் வாயால் சொல்லவேண்டும். படவில்லை என்றால் தட்டிய நகம் ஒன்றுதான் இந்த அறையில் உண்மையைத் தொட்டது, அப்போது அந்த நாற்காலியில் தான் உட்கார யாரும் இரக்கப்படத் தேவையில்லை. 'சரியாப் பார்க்கலை' என்று சற்றுமுன் சொன்னது மாமியாருக்கான பதில். அது அடங்கிய குரல். அதை நம்ப முடியாது. எந்தப் பதில் வந்தாலும் வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

எழுந்து தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். இரண்டு கைகளையும் மடியில், சின்னவளுக்குத் தெரியாதபடி வைத்துக்கொண்டாள்.

"இப்ப என் கை உனக்குத் தெரியாது," என்றாள் சுவரிடம். "உன் முகம் எனக்குத் தெரியாது. நான் இன்னிக்குச் சாப்பிடுவேனா மாட்டேனான்னு நினைக்காதே. நாளைக்கு உன்கூடப் பேசுவேனான்னும் நினைக்காதே. அன்னிக்கு நான் தொடறதுக்கு முன்னாடியே அந்தக் கோட்டை நீ பார்த்துட்டியா? அத்தை வர்றதுக்குள்ள எனக்கு அதை மட்டும் சொல்லு."